ஏக்கமா... பூச்சியா?

போன வாரம் சுகர் டெஸ்ட்டுக்காகத் தெருமுனை லேபுக்குப் போயிருந்தேன். வெறும் வயிறு. வரிசையில் எனக்கு முன்னால் ஓர் இளம் தாய். கைப்பையிலிருந்து, மூன்று பாலிதீன் கவர்களில் சுற்றிய ஒரு சின்ன டப்பாவை எடுத்து, யாரையும் பார்க்காமல் கவுண்டரில் வைத்தாள். வாங்கிய பெண்ணும் அதைப் பார்க்கவில்லை. இரண்டு விரலால் கவரின் நுனியைப் பிடித்து உள்ளே கொண்டுபோனாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "எத்தனை மணிக்கு எடுத்ததும்மா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் முறைத்த முறைப்பில் எனக்குச் சுகர் இறங்கியே போயிருக்கும்.

இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் முப்பது வருஷம் அரசாங்க லேப் டெக்னீஷியன். ரத்தம், சளி, சிறுநீர், மலம் — என் சம்பளம் முழுக்க இந்த நான்கிலிருந்து வந்ததுதான். ரிட்டயர் ஆனாலும் வாய் ரிட்டயர் ஆகவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை நான் பழக்கதோஷத்தில் கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை அதைக் கேட்காமல் விட்டிருக்கிறேன். அதைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன். காலை டிபன் சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டு வாருங்கள்.

எண்பதுகளின் கடைசி. எனக்கு இருபத்தேழு வயது. கும்பகோணத்துப் பக்கம் பிறந்து வளர்ந்தவளுக்கு, திருச்சுழியிலிருந்து இன்னும் உள்ளே தள்ளி ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் போஸ்டிங். கரிசல் காடு. கண்ணுக்கு எட்டிய வரைக்கும் சீமைக்கருவேலம். ஒரு நாளைக்கு நாலு பஸ். அதில் ஒன்று பெரும்பாலும் வராது.

வாடகைக்கு ஒரு ரூம். வீட்டுக்கார அம்மா நல்லவர்தான். வந்த வாரமே பக்குவமாகச் சொல்லிவிட்டார்: "நீங்க என்ன வேல பாக்குறீகன்னு கேட்டா, ஆஸ்பத்திரில எழுத்து வேலைன்னு சொல்லிருங்க தாயி." சுகாதார நிலையத்திலும் மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் வட்டமாக உட்காருவோம். வட்டம் என் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் அகலமாக இருக்கும். யாரும் தப்பாக எதுவும் சொன்னதில்லை. நான் டிபன் பாக்ஸைத் திறந்தால் அவர்கள் கண் என் கையைப் பார்க்கும். அவ்வளவுதான்.

சாயங்காலம் ரூமுக்கு வந்தால் பேச ஆள் கிடையாது. ரேடியோவில் செய்தி வாசிக்கிறவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். வாரத்தில் ஒரு நாள், சனிக்கிழமை, மத்தியான பஸ்ஸைப் பிடித்து அருப்புக்கோட்டைக்குப் போவேன். அங்கே எனக்கு எந்த வேலையும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு டீ குடித்து, கண்டக்டர்கள் கத்துவதையும் பூ விற்கிறவர்கள் சண்டை போடுவதையும் இரண்டு மணி நேரம் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். காது நிறைந்தால் ஒரு வாரம் தாங்கும்.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் மைமூன் வந்தாள்.

வெள்ளைத் துப்பட்டி போர்த்திய, இருபத்துநாலு இருபத்தைந்து வயதுப் பெண். இடுப்பில் ஆறு வயதுப் பெண் குழந்தை. ஆறு வயதுக் குழந்தையை எதற்கு இடுப்பில் சுமக்க வேண்டும்? நான் நினைத்ததையே டாக்டரும் கேட்டார்.

"நடந்தா மூச்சு இளைக்குதுங்கய்யா. நாலு எட்டு வச்சா உக்காந்துக்கிருது. அவுக அத்தா சவுதிக்குப் போயி எட்டு மாசம் ஆச்சு. அதுக்கப்புறந்தான் இப்படி. எல்லாரும் ஏக்கம்னு சொல்றாக."

குழந்தை பெயர் நசீமா. உதடு வெளுத்திருந்தது. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் உள்ளேயும் வெள்ளை. பள்ளிக்கூடத்தில் சிலேட்டுக் குச்சியைத் தின்கிறாள் என்று வாத்தியார் அடித்திருக்கிறார்.

டாக்டர் ரத்தமும் மலமும் பார்க்கச் சொல்லி என்னிடம் அனுப்பினார்.

அந்தக் காலத்தில் ஹீமோகுளோபின் பார்க்க மெஷின் கிடையாது. ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் ஆசிட்டும் ஒரு துளி ரத்தமும் விட்டால் பழுப்பு நிறமாகும். பக்கத்தில் இருக்கிற மாதிரிக் குழாயின் நிறத்துக்கு வருகிற வரைக்கும் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். எவ்வளவு தண்ணீர் வாங்குகிறதோ அவ்வளவு நல்ல ரத்தம். நசீமாவின் ரத்தம் ஏழெட்டுச் சொட்டிலேயே வெளிறிவிட்டது. ஐந்து கிராம். அந்த வயதுக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்க வேண்டும்.

அடுத்து மலம். மைமூன் முந்தானைக்குள்ளிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். அந்தக் காலத்தில் எல்லாரும் தீப்பெட்டியில்தான் கொண்டுவருவார்கள். திறந்தேன். காய்ந்து, பெட்டியின் அட்டையோடு ஒட்டிப்போயிருந்தது. காய்ந்துபோனால் உள்ளே இருக்கிற புழு முட்டை சிதைந்து கண்ணில் படாது. சித்திரை வெயில். எத்தனை மணிக்கு எடுத்தது என்று கேட்டிருக்க வேண்டும். முந்தின நாள் எடுத்ததாகக்கூட இருக்கலாம். வேறு கொண்டுவரச் சொல்லியிருக்க வேண்டும்.

கடிகாரத்தைப் பார்த்தேன். பஸ்ஸுக்குக் கால் மணி நேரம்.

ஸ்லைடு போட்டேன். மேலோட்டமாக ஓட்டினேன். ஒன்றும் தெரியவில்லை. முட்டை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தேன். அன்றைக்கு ஜன்னல் சீட் கிடைத்தது என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

டாக்டர் என் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு, சத்துக்குறைவு என்று டானிக் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

நாலு நாள் கழித்து, புதன்கிழமை, எங்கள் நர்ஸ் ராஜம்மாள் சாப்பிடும்போது சொன்னார்.

"அந்த சவுதிக்காரர் வீட்டுப் புள்ள இருக்குல்ல, நசீமா. நேத்து அந்தத் தெருவுக்குப் போனேன். படுத்த படுக்கையா கெடக்கு. மைமூன் புருஷன வரச்சொல்லி கேசட்டு பேசி வச்சிருக்கா. அருப்புக்கோட்டைல ஒருத்தர் சனிக்கிழம சவுதிக்குத் திரும்புறாராம். அவரு கையில குடுத்துவிடப் போறா."

கேசட் என்றால் இப்போதைய பிள்ளைகளுக்குப் புரியாது. அன்றைக்கு வெளிநாட்டுக்குப் போனவர்கள் கடிதத்தைவிடக் கேசட்டைத்தான் நம்பினார்கள். டேப் ரிக்கார்டரில் குரலைப் பதிவுசெய்து, ஊருக்கு வந்து திரும்புகிற ஆள் கையில் கொடுத்தனுப்புவார்கள். அங்கிருந்தும் அப்படியே வரும்.

"பாதியில வந்தா திரும்பப் போக முடியாதே, நர்ஸம்மா?"

"முடியாதுதான். ரெண்டு வருச ஒப்பந்தம். என்ன செய்ய? புள்ள பெருசா, வேல பெருசா? பூச்சி கீச்சியா இருக்குமோன்னு நானும் சந்தேகப்பட்டேன். ஒங்க ரிசல்ட்டுலயும் ஒண்ணும் இல்லன்னு வந்துருச்சுல்ல? அப்ப ஏக்கம்தான்."

நான் டிபன் பாக்ஸை மூடினேன்.

ஏக்கம் ஒரு குழந்தையைச் சாப்பிடவிடாமல் செய்யலாம். தூங்கவிடாமல் செய்யலாம். பாதி ரத்தத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டும்? அந்தக் கேள்வி சனிக்கிழமையே எனக்கு வந்திருக்க வேண்டும். நான் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு, மூடியுள்ள ஒரு கண்ணாடிப் புட்டியோடு மைமூன் வீட்டு வாசலில் நின்றேன். அவளுடைய மாமியார்தான் கதவைத் திறந்தார். விஷயத்தைச் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அதான் ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டீகளே."

"அது காஞ்சு போயிருந்துச்சும்மா. நான் சரியாப் பாக்கல. என் தப்பு. இன்னைக்குப் புதுசா வேணும்."

"அதுக்குன்னு காலங்காத்தால வந்து காத்துக் கெடப்பீகளா?"

காத்துத்தான் கிடந்தேன். உள்ளே கட்டிலில் நசீமா படுத்திருந்தாள். தலைமாட்டில் டேப் ரிக்கார்டர். அவள் அத்தா சவுதியிலிருந்து அனுப்பிய கேசட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பாளாம். தெருப் பிள்ளைகள் கூப்பிட்டாலும் போகமாட்டாளாம். பார்க்கிறவர்கள் ஏக்கம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வார்கள்? எழுந்து விளையாடத் தெம்பில்லாத குழந்தை படுத்த இடத்தில் வேறெதைச் செய்யும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற பெண் யாராக இருந்தாலும் மைமூனுக்கு நர்ஸம்மாதான். அவளிடம் மெதுவாகக் கேட்டேன். பூச்சி மருந்து கொடுத்தீர்களா?

"மெடிக்கல்ல வாங்கிக் குடுத்தேன். வேப்பங்கொழுந்தும் அரச்சுக் குடுத்தேன். ஒரு பூச்சிகூட விழல, நர்ஸம்மா. அதான் பூச்சி இல்லன்னு விட்டுட்டேன்."

"கால்ல எப்பவாவது அரிப்பு, கொப்புளம்?"

யோசித்தாள். "போன ஐப்பசி மழையில விரலிடுக்குல சொறிஞ்சுக்கிட்டே கெடந்தா. ஊரணிக் கரையில கருவேலத்துக்குள்ளதான் புள்ளைக எல்லாம் வெளிக்குப் போகும். செருப்பு போட மாட்டா. சேத்துப்புண்ணுன்னு மஞ்சள் தடவுனேன்."

கட்டிலில் கிடந்த நசீமாவின் பாதங்களைப் பார்த்தேன்.

எட்டு மணிக்கு நசீமா மனது வைத்தாள். புட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நான் அந்தத் தெருவில் நடந்த வேகத்தை ஊரே பார்த்தது. எழுத்து வேலை என்ற பொய் அன்றோடு முடிந்தது.

ஒரு துளி உப்புத் தண்ணீர், தீக்குச்சி முனையளவு மலம், மேலே ஒரு மெல்லிய கண்ணாடி. இந்தத் தடவை மூலையிலிருந்து மூலைக்கு, வயல் உழுகிற மாதிரி, வரிசை விடாமல் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் முதல் முட்டை. நீள்வட்டம். மெல்லிசான, நிறமில்லாத ஓடு. உள்ளே நான்கு சின்ன உருண்டைகள். பக்கத்திலேயே இன்னொன்று. அதற்கப்பால் மூன்று.

கொக்கிப்புழு. ஈர மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறி, குடலில் பல்லை ஊன்றித் தொங்கிக்கொண்டு ரத்தம் குடிக்கும். நூல் துண்டுபோல இருப்பதால், விழுந்தாலும் யார் கண்ணுக்கும் தெரியாது. மைமூன் கடையில் வாங்கிய மருந்து நாக்குப்பூச்சிக்கானது. கொக்கிப்புழுவை அது ஒன்றும் செய்யாது.

டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். சனிக்கிழமை நடந்ததையும் சொன்னேன். அவர் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல், "இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா மதுரைக்குக் கொண்டுபோய் ரத்தம் ஏத்தணும். அதுக்கும் தாங்குமோ என்னவோ" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பதினோரு மணிக்கு மைமூன் குழந்தையோடு வந்தாள். டாக்டர் மூன்று நாள் மாத்திரையும், மாதக்கணக்கில் சாப்பிட இரும்புச்சத்து மருந்தும் கொடுத்தார். நான் அவளை லேபுக்குள் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பைக் காட்டினேன். ஒரு கண்ணை மூடி, ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இம்புட்டூண்டா?"

"இது முட்டை. புழு வயித்துக்குள்ள இருக்கு. மூணு நாள்ல செத்துரும். ரத்தம் ஊற மூணு மாசம் ஆகும். ஓடி விளையாடுவா பாருங்க."

"அப்ப ஏக்கம் இல்லியா?"

"இல்லவே இல்லை. பூச்சிதான்."

அவள் துப்பட்டியை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"அப்ப அவுக வர வேண்டியதில்ல."

"வேண்டவே வேண்டாம்," என்றேன் நான். கண்டுபிடித்த சந்தோஷத்தில் பல் முழுக்கத் தெரியச் சிரித்துக்கொண்டு சொன்னேன். இப்போது நினைத்தாலும் அந்தச் சிரிப்பைப் பிடுங்கி எறியலாம்போல இருக்கிறது.

மறுநாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினாள். கேசட்டை மாற்றிப் பேச வேண்டுமாம். "நான் சொன்னா நம்ப மாட்டாக. மறைக்கிறேன்னு நெனப்பாக. நீங்க ஒரு வார்த்த சொல்லிருங்க."

மாமியார் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். நசீமா தூங்கிக்கொண்டிருந்தாள். மைமூன் கேசட்டைப் பின்னால் ஓட்டி, இடம் சரிதானா என்று பார்க்க ஒரு பட்டனை அழுத்தினாள். அவள் குரலே வந்தது. அழுது அழுது கம்மிப்போன குரல்.

"...புள்ளைக்காகன்னு மட்டும் இல்லங்க. எனக்கும் முடியல. இந்த வீட்டுல யார்கிட்ட..."

சட்டென்று நிறுத்தினாள். என்னைப் பார்க்கவில்லை. நானும் டேப் ரிக்கார்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குழந்தைக்கு வந்த வியாதியைத்தான் நான் கண்டுபிடித்தேன். அந்த வீட்டில் ஏக்கம் இல்லை என்று எந்த லென்ஸைப் பார்த்துச் சொன்னேன்? கணவனை வரச் சொல்ல அவளிடம் இருந்தது ஒரே ஒரு காரணம். அதைப் புட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போனவள் நான்.

இன்னும் கொஞ்சம் பின்னால் ஓட்டிவிட்டு, பதிவு பட்டனை அழுத்தினாள். முதலில் நான் பேசினேன். பெயர், வேலை, வியாதி, மருந்து. முகம் தெரியாத ஒரு மனிதருக்கு. பிறகு அவள்.

"நசீமாவுக்கு வயித்துல பூச்சிதானாம். மாத்திர குடுத்துருக்காக. சரியாயிரும்னு சொல்றாக. நீங்க பதறிப்போயி கெளம்பி வர வேண்டாம். வேலயப் பாருங்க. ஒடம்பப் பாத்துக்குங்க." தூங்குகிற குழந்தையைத் திரும்பிப் பார்த்தாள். "நாங்க நல்லாருக்கோம்."

பேசி முடித்த பிறகும் பட்டனை எடுக்கவில்லை. கேசட் சுற்றிக்கொண்டே இருந்தது. வெளியே யாரோ ஆட்டை அதட்டினார்கள். குழந்தை புரண்டு படுத்தது. அந்தச் சத்தமெல்லாம் அவருக்குப் போகட்டும் என்று நினைத்தாளோ, சொல்வதற்கு இன்னும் ஒன்று தொண்டையில் நின்றதோ... எனக்குத் தெரியாது. பழைய பேச்சை அழிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

சனிக்கிழமை கேசட் போய்விட்டது. நான் அன்றைக்கு அருப்புக்கோட்டைக்குப் போகவில்லை.

நசீமா தேறினாள். ஒரு வாரத்தில் மைமூன் பதறிக்கொண்டு ஓடிவந்தாள். "கரிக்கட்ட மாதிரி கருப்பாப் போகுது, நர்ஸம்மா." இரும்பு மருந்து சாப்பிட்டால் அப்படித்தான் போகும் என்று முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டியவள் நான். மூன்று வாரம் கழித்து மறுபடி பார்த்தேன். முட்டை இல்லை. இந்தத் தடவை இரண்டு ஸ்லைடு, அரை மணி நேரம். மூன்றாவது மாதம் அவள் ரத்தம் நிறையத் தண்ணீர் வாங்கியது. புது ரப்பர் செருப்பைக் காலில் போடாமல் கையில் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடுகிறாள் என்று ராஜம்மாள் வந்து சொன்னார். அத்தாவின் கேசட்டைக் கேட்க இப்போது நேரமில்லையாம் அவளுக்கு.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். மைமூன் முடிக்கவில்லை.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, தீப்பெட்டியோடு வருவாள். "எதுக்கும் ஒரு தடவ பாத்துருங்களேன், அக்கா." நர்ஸம்மா எப்போது அக்கா ஆனேன் என்று தெரியவில்லை. நான் ஸ்லைடு போடுவேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து துப்பட்டியைத் தலையிலிருந்து கொஞ்சம் தளர்த்திவிட்டுக்கொண்டு பேசுவாள். மாமியார், தண்ணீர், அவர் அனுப்பிய சேலையின் நிறம், மழை வராதது. நான் என் அம்மாவைப் பற்றி, வந்து பார்த்துவிட்டுப் போய்ப் பதில் சொல்லாத மாப்பிள்ளை வீட்டைப் பற்றிச் சொல்வேன். ஒரு நாள் கொழுக்கட்டை கொண்டுவந்தாள். என் கையிலிருந்தே ஒன்றைப் பிட்டு வாங்கித் தின்றாள்.

அந்த டெஸ்ட் தேவையில்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஒன்றும் இல்லை என்று எழுதினேன். எத்தனை மணிக்கு எடுத்தது என்றும் தவறாமல் கேட்டேன்.

ஒருமுறை டாக்டர் ரிஜிஸ்டரைப் புரட்டிவிட்டுக் கேட்டார். "என்னம்மா, ஒரே புள்ளைக்கு இத்தனை தடவை?"

"ஃபாலோ-அப், சார்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஜன்னல் வழியாக, போய்க்கொண்டிருந்த மைமூனைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

ஒப்பந்தம் முடிந்து அவள் கணவர் ஊருக்கு வந்தார். இரண்டு சூட்கேஸ், ஒரு மிக்ஸி, நசீமாவுக்கு விளக்கு எரிகிற பொம்மை என்று ராஜம்மாள் விவரமாகச் சொன்னார். அந்த வியாழக்கிழமை பதினோரு மணிக்கு யாரும் வரவில்லை. அதற்கு அடுத்ததிலும் வரவில்லை. ஒரு தடவை பஸ் ஸ்டாப்பில் மூன்று பேரையும் பார்த்தேன். மைமூன் சிரித்துத் தலையசைத்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பஸ் வந்துவிட்டது. ஏறிக்கொண்டார்கள்.

வியாதி போய்விட்டால் ஆள் வரமாட்டார்கள். எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் வெற்றி.

நான் ஆறு மாதத்தில் டிரான்ஸ்ஃபர் கேட்டு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்று கேட்டிருந்த இடத்தில், குடும்ப நலம் என்று போட்டேன். எனக்கு அப்போது குடும்பமே கிடையாது... யாரும் கேட்கவில்லை.